எய்தவர் இருக்க அம்பை நோவதா?
கைத்தொலைபேசிப் பதிவும் கடல் கடந்த உழைப்பும்

அரசுகள் குடிமக்களின் உடைமைகளைக் கணக்கெடுப்பது புதுமையன்று. கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களிலே நிலத்துக்கு உறுதியும், மீன்பிடி வள்ளத்துக்குப் பதிவிலக்கமும், மாட்டுக்குக் குறியும் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. துவிச்சக்கரவண்டிக்கு உள்ளூராட்சி மன்றத்திற் பணங்கட்டித் தகரத் தகடு வாங்கிப் பூட்டிய காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூருவர். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்த காலமும் ஒன்று உண்டு.

ஆயின் இப்பதிவுகள் யாவும் ஒரே தன்மையின அல்ல. மாட்டுக்கு இடப்படும் குறி உடையவனுக்குத் துணைநிற்பது. காடேறிய மாடு எவர் பட்டியில் அடைபட்டாலும் குறியைக் காட்டி அதனை மீட்டுக்கொள்ளலாம். வானொலி அனுமதிப்பத்திரமோ திறைசேரிக்குத் துணைநின்றது. பெட்டி களவுபோன வீட்டுக்கு அந்தத் தாள் அதனைத் தேடித் தந்ததில்லை. முன்னையது உடையவனின் உரிமைச் சான்று. பின்னையது உடைமையின்மீது விதிக்கப்பட்ட வரி. வெளிநாடுகளிலிருந்து வரும் கைத்தொலைபேசிகளைப் பதிவுசெய்யவேண்டும் என்னும் இன்றைய ஏற்பாடு இவ்விரண்டனுள் எவ்வகையைச் சார்ந்தது என்பதே ஆராயப்படவேண்டிய வினா. அது மாட்டுக்குறியின் மொழியிலே பேசுகின்றது. வானொலி அனுமதிப்பத்திரத்தின் இயல்போடு தொழிற்படுகின்றது. இம்முரண்பாட்டின் சுமை யாருடைய தோளில் இறங்குகின்றது என்பதனைப் பாலமுனை போன்றதோர் ஊரில் நின்று நோக்குவோர் இலகுவில் உணர்ந்துகொள்வர்.

பதினைந்து இலக்கங்கள்

ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் பதினைந்து இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. உடுக்குறி, சதுரக்குறி, பூச்சியம், ஆறு, மீண்டும் சதுரக்குறி என அழுத்துமிடத்து அது திரையிலே தோன்றும். முதல் எட்டு இலக்கங்கள் கருவியின் உற்பத்தி வகையைக் குறிப்பன; அடுத்த ஆறும் தனிக் கருவிக்கான தொடரெண்; இறுதி இலக்கம் முன்னைய பதினான்கையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் அட்டைகள் இடத்தக்க கருவிக்கு இத்தகைய எண்கள் இரண்டு. இவ்வெண் சிம் அட்டையைச் சார்ந்ததன்று. கருவியின் பிரதான மின்பலகையைச் சார்ந்தது. கருவி வலையமைப்போடு இணையும்போது இவ்வெண் நிறுவனத்துக்குப் புலனாகும். ஆகவே குறித்த எண்ணுடைய கருவியை இணையவிடாது தடுத்தல் தொழினுட்ப ரீதியிற் கடினமானதன்று.

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், அதனைத் திருத்திய 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அடித்தளமாயின. தனது அங்கீகாரம் பெறாத கருவிகளை வாங்கவேண்டாம் என 2020 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே அவ்வாணைக்குழு பொதுமக்களை எச்சரித்தது. மீண்டும் 2025 ஜனவரியில், அம்மாதம் 28 ஆம் திகதியின் பின்னர் பதிவற்ற கருவிகள் உள்நாட்டு வலையமைப்புகளோடு புதிதாக இணைய இடமளிக்கப்படமாட்டாது என அறிவித்தது. அதற்குமுன் பாவனையிலிருந்த கருவிகளுக்குப் பாதிப்பில்லை எனவும் கூறியது. வாங்குமுன் சரிபார்க்க விரும்புவோர் ஐ.எம்.ஈ.ஐ. என்னும் எழுத்துகளோடு பதினைந்து இலக்கங்களையும் 1909 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம் என்பது ஏற்பாடு.

மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இதிற் குறைகாண ஏதுமில்லை எனத் தோன்றலாம். ஆயின் ஒரு நுட்பமான வேறுபாடு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கருவிகளைத் தடுப்பதற்கு இரு வழிகள் உள. ஒன்று, களவுபோனவை எனவோ போலியானவை எனவோ அறியப்பட்ட எண்களை மட்டும் ஒரு கரும்பட்டியலில் இட்டு அவற்றைத் தடுத்தல். மற்றையது, ஏற்கப்பட்ட எண்களை ஒரு வெண்பட்டியலில் இட்டு, அதில் இல்லாத அனைத்தையும் தடுத்தல். முதலாவதிற் குற்றம் காட்டப்பட்ட கருவி தண்டிக்கப்படுகின்றது. இரண்டாவதில் நிரபராதம் காட்டப்படாத கருவி தண்டிக்கப்படுகின்றது. குற்றத்தை நிறுவும் பொறுப்பு வழக்குத்தொடுப்பவருடையது என்பது நீதியின் பாலபாடம். வெண்பட்டியல் முறை அப்பொறுப்பை ஓசையின்றிப் பாவனையாளரின் தலைக்கு மாற்றிவிடுகின்றது. விவாதத்தின் உயிர்நாடி இதுவே.

பாலமுனையில் நின்று நோக்குமிடத்து

ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடைப்பட்ட கரையோர ஊர் பாலமுனை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வருவாய்த் துறையாக அமைந்தது மத்திய கிழக்கு. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்கள் யாவற்றுக்கும் இது பொருந்தும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானபோது, இவ்வூர்களின் இளைஞர் பலர் ஏற்கெனவே சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் உழைத்துக்கொண்டிருந்தனர். அக்காலத்திலே நாடு திரும்பியோரின் பெட்டியில் ஒலிப்பதிவுப் பெட்டியும் போர்வையும் இருந்தன. இன்று அதே பெட்டியில் இருப்பது கைத்தொலைபேசி.

இப்பொருளை ஆடம்பரம் எனக் கொள்வோர் இவ்வூர்களின் குடும்ப வாழ்வை அறியாதோரே. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது இக்கரையோர முஸ்லிம்களின் வழமை. அந்த வீட்டுக்கான கல்லும் சீமெந்தும் தோஹாவிலோ ரியாத்திலோ வாப்பா பட்ட வெயிலிலிருந்து வருகின்றன. கல்லரிந்து தருபவனுக்கு எவ்வளவு கொடுப்பது, உம்மாவை எந்த வைத்தியரிடம் காட்டுவது, தம்பியின் பரீட்சைப் பெறுபேறு யாது என்பன எல்லாம் அந்தச் சிறு திரையின் வழியே தீர்மானமாகின்றன. பிறந்த பிள்ளையின் முகத்தைத் தந்தை முதன்முதலிற் காண்பதும் அதிலேதான். ஆகவே அக்கருவி மௌனமாகும்போது ஒரு குடும்பத்தின் தலைவாசல் மூடப்படுகின்றது எனலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்வர். இரண்டாண்டு உழைத்து விடுமுறையில் வரும் மகன், உம்மாவுக்கென ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டுவருகின்றான். கருவி புதியதன்று, அவனே ஓராண்டு பாவித்தது. சில வேளைகளில் அவன் தொழில்கொள்வோர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. விடுமுறை முடிந்து அவன் திரும்பியபின்னர், உம்மா தன் சிம் அட்டையை அதிலே இடுகின்றாள். அறிவிப்பின்படி ஒழுகுமாயின் வலையமைப்பு அதனை ஏற்காது. தனிப்பட்ட பாவனைக்குக் கொண்டுவரப்பட்டவற்றைப் பதிவுசெய்ய வழி இருக்கலாம். ஆனால் வழி இருப்பது வேறு, அவ்வழியில் நடக்கக்கூடிய கால் இருப்பது வேறு. ஆணைக்குழுவின் அலுவலகம் கொழும்பில் உள்ளது. பாலமுனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். இணையத்திலே விண்ணப்பிக்கலாம் எனின், விண்ணப்பிப்பதற்கு வேண்டிய கருவியே தடைப்பட்டுள்ளது. உம்மா இன்னொருவரின் கருவியையும், இன்னொருவரின் மொழியறிவையும், இன்னொருவரின் ஓய்வு நேரத்தையும் இரந்து நிற்கவேண்டியவளாகின்றாள். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இதுவன்றோ?

இவ்விடத்திலே நாட்டின் கணக்கேட்டையும் புரட்டிப்பார்த்தல் தகும். 2022 ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். அவ்வாண்டு அன்னியச் செலாவணி வற்றியதால் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அந்த வரட்சியில் அரசு கைநீட்டியது புலம்பெயர்ந்து உழைப்போரிடமே. வங்கிவழியே பணம் அனுப்புவோர்க்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதியைக்கூட அவ்வாண்டில் அது முன்வைத்தது. 2022 இல் ஏறத்தாழ 380 கோடி அமெரிக்க டொலராக வீழ்ந்திருந்த அவர்களின் பணவரவு 2024 இல் 657 கோடி டொலரளவுக்கு உயர்ந்தது. நாடு மூச்சுவிடத் தொடங்கியமைக்கு இவ்வியர்வையும் ஒரு காரணம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் பெருந்தொகை அனுப்பக்கூடியவனுக்கு வாகன அனுமதியும், தாய்க்கு ஒரு பழைய தொலைபேசியைச் சுமந்து வருபவனுக்கு விண்ணப்பப் படிவமும் என்றால், சலுகையிலும் வர்க்கம் பார்க்கப்படுகின்றது என்றே கொள்ளவேண்டும்.

முன்வைக்கப்படும் நியாயங்கள்

பதிவை ஆதரிப்போர் பொதுவாக நான்கு நியாயங்களை முன்வைப்பர். அவற்றை ஒதுக்கித் தள்ளுதல் அறிவுடைமையாகாது. ஒவ்வொன்றாக எடைபோடுதல் வேண்டும்.

முதலாவது, களவு தடுக்கப்படும் என்பது. பறிக்கப்பட்ட கருவி எங்கும் இயங்காதெனின் பறிப்பவனுக்கு அதிற் பயனில்லை. இந்நியாயம் வலுவானதே. ஆயின் இதற்கு வேண்டியது கரும்பட்டியல், வெண்பட்டியலன்று. உடையவன் முறையிட, பொலிசார் உறுதிசெய்ய, அந்த ஓர் எண் தடுக்கப்படுமாயின் நோக்கம் நிறைவேறிவிடும். அன்றியும், அடையாள எண் அழிக்கவியலாத கல்வெட்டன்று. இந்தியாவின் மீரட் நகரப் பொலிசார் 2020 இல் நடத்திய விசாரணையொன்றில், ஒரே அடையாள எண்ணோடு பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தமை தெரியவந்தது. களவைத் தொழிலாகக் கொண்டவன் ஏற்கப்பட்ட எண்ணொன்றைக் களவுக் கருவியிற் பொறித்துவிடக்கூடியவன். அவனுக்கு வெண்பட்டியல் ஒரு தடையன்று. தடைப்படுவது எண்ணை மாற்றத் தெரியாத, மாற்ற விரும்பாத நேர்மையான பாவனையாளனே.

இங்கு இன்னொன்றும் கவனத்திற்குரியது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள சிறிய திருத்துநர் கடைகளிலே பழுதுற்ற பலகையை அகற்றி, வேறொரு கருவியின் பலகையைப் பொருத்துதல் உண்டு. வறியோர் புதிய கருவி வாங்காது காலந்தள்ளுவது இத்தகைய திருத்தங்களாலேதான். பலகை மாறும்போது எண்ணும் மாறும். கருவியின் உறையும் உடையவரும் மாறாதிருக்க, பதிவேட்டின் கண்ணுக்கு அது அந்நியக் கருவியாகிவிடுகின்றது. திருத்திப் பாவித்தலைக் குற்றத்தின் நிழலுக்குத் தள்ளும் விதி, புதியன விற்கும் பெருவணிகர்க்கே ஆதாயம் சேர்க்கும்.

இரண்டாவது, அரசிறை காக்கப்படும் என்பது. வரி செலுத்தாது பெருந்தொகையாகக் கடத்தப்படும் கருவிகளால் திறைசேரிக்கு இழப்பு என்பதும், முறையாக வரி கட்டி இறக்குமதி செய்யும் வணிகர் நட்டப்படுவர் என்பதும் உண்மை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தபின் கடத்தலின் கவர்ச்சி கூடியிருக்கும் என்பதையும் ஏற்கலாம். ஆனால் வரி அறவிடும் இடம் துறைமுகமும் கட்டுநாயக்க விமான நிலையமும். அறவிடுவது சுங்கத் திணைக்களத்தின் கடமை. கொள்கலனிலும் பொதியிலும் நூற்றுக்கணக்கில் வருவதைச் சுங்கம் தவறவிட்டு, அத்தவறுக்கு ஆறு மாதம் கழிந்தபின் சாய்ந்தமருதுக் கடையொன்றில் ஒன்றை வாங்கிய மாணவியைத் தண்டிப்பது எவ்வகை நீதி? விற்றவன் பணத்தைப் பெற்றுக்கொண்டான். கடத்தியவன் இலாபத்தை எடுத்துக்கொண்டான். இறுதியில் உயிரற்ற கருவியோடு நிற்பவள் வாங்கியவள். எய்தவன் இருக்க அம்பை நோதல் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பதற்கு ஆணைக்குழுவிடம் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி ஏற்கெனவே உள்ளது. விற்பவரைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் கையில் இருக்கும்போது, அதனை இறுக்காது வாங்குவோரை நோக்கிச் சாட்டையை ஓங்குவதன் காரணம் யாது? விற்பவர் சிலர், வலியர், சங்கம் அமைத்துப் பேசத்தக்கவர். வாங்குவோர் பலர், சிதறியோர், குரலற்றோர். அதிகாரம் எப்போதும் எதிர்ப்புக் குறைந்த பக்கத்தாலேயே பாயும்.

மூன்றாவது, மக்களின் நலம் காக்கப்படும் என்பது. தரமற்ற கருவிகள் உடலுக்கும் வலையமைப்புக்கும் தீங்கு பயக்கும் என்பர். உற்பத்தியாளரின் பெயரறியாத போலிகளைப் பொறுத்தவரையில் இது பொருந்தும். ஆயின் கட்டாரிலும் சவூதி அரேபியாவிலும் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனங்கள் உள. அங்கு சட்டப்படி விற்கப்பட்ட ஒரு கருவி கட்டுநாயக்கவில் இறங்கியவுடன் நஞ்சாகிவிடுவதில்லை. அதே வகைக் கருவி கொழும்புக் கடையில் அங்கீகாரத்தோடு விற்பனையாகும்போது, பெட்டியில் வந்த அதன் உடன்பிறப்பை மட்டும் சந்தேகிப்பது நலவியலின்பாற்பட்டதன்று; வணிகத்தின்பாற்பட்டது.

நான்காவது, நாட்டின் பாதுகாப்பு என்பது. இச்சொல் உச்சரிக்கப்பட்டதும் வினாக்கள் அடங்கிவிடவேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது. ஆனால் இம்மாவட்டத்து மக்களுக்கு இதில் வினவுவதற்கு விசேட காரணம் உண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரிலும், மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன முதலிய இடங்களிலும் முஸ்லிம்களுக்கெதிரான வன்செயல்கள் நிகழ்ந்தன. அதனையொட்டி முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியன நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. வதந்திகள் அவ்வழியாகவே பரவின என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அஞ்சிக்கிடந்த குடும்பங்களின் நலத்தைக் கடலுக்கப்பாலிருந்து அறிய முனைந்தோர்க்கும் அதே வழிதான் அடைபட்டது. 2022 ஏப்ரில் 3 ஆம் திகதி, ஆட்சிக்கெதிரான எதிர்ப்பு வலுத்தபோது, சமூக ஊடகங்கள் மீண்டும் தடைப்பட்டுச் சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டன. முதற்றடவை வன்முறையின் பெயரால், இரண்டாந்தடவை அரசியலின் தேவையால். ஆளி ஒன்று கையில் இருக்குமாயின் அது என்றோ ஒருநாள் அழுத்தப்படும் என்பதற்கு இவையே சான்று. ஊடகத்தை நிறுத்தும் ஆளி நாடு முழுவதற்கும் பொதுவானது. கருவிப் பதிவேட்டின் ஆளியோ தனி ஒருவரின் கருவியை மட்டும் தெரிந்தெடுத்து நிறுத்த வல்லது. கருவியின் எண்ணும், சிம் அட்டையின் உரிமையாளரும், தேசிய அடையாள அட்டை இலக்கமும் ஓரிடத்தில் ஒன்றுசேருமாயின் அதன் வலிமை எத்தகையதாகும் என்பதனைச் சிந்திப்பது குடிமக்களின் கடன்.

அயலார் அனுபவம்

இவ்வழியில் முன்சென்ற நாடுகள் பல. அவற்றின் அனுபவம் இருவேறு திசைகளைக் காட்டுகின்றது.

பாகிஸ்தான் 2018 டிசம்பர் தொடக்கம் பதிவற்ற கருவிகளைத் தடுக்கும் முறையைச் செயற்படுத்தியது. அந்நாடும் புலம்பெயர் உழைப்பில் வாழ்வது. நாடு திரும்புவோர் ஒரு கருவியை வரியின்றிக் கொண்டுவரத் தொடக்கத்தில் இருந்த சலுகை 2019 இல் அகற்றப்பட்டது. அதன்பின் களவைத் தடுக்கும் பதிவேடு என்பதிலும் பார்க்க வரி அறவிடும் வாயில் என்பதே அதன் முதன்மைத் தொழிலாயிற்று. துருக்கியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கருவிக்கான பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில் 6,091 லீறாவிலிருந்து 20,000 லீறாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது; 2025 இல் அது 45,000 லீறாவைக் கடந்தது. கட்டணம் இல்லாது அல்லது சிறு கட்டணத்தோடு தொடங்கும் பதிவேடு, திறைசேரியின் பசிக்கேற்பப் பெருத்துச் செல்லும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

மறுதிசையில் இந்தியா தரும் சான்று சுவையானது. செல்லுபடியான அடையாள எண் இல்லாத கருவிகளை 2009 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு தடுத்தது. மலிவான இறக்குமதிக் கருவிகளை வாங்கிய ஏழைகள் கோடிக்கணக்கில் இருந்த காலம் அது. அவர்களைக் கைவிடாது, 199 ரூபாய்க்கு முறையான எண்ணொன்றைக் கருவியிற் பொறித்துக்கொடுக்கும் திட்டத்தை வலையமைப்பு நிறுவனங்களின் சங்கமே அப்போது நடத்தியது. விதி வந்தது, விதிக்குள் வருவதற்கான படிக்கட்டும் உடன்வந்தது. பின்னர் 2023 மே மாதத்தில் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட மத்திய பதிவேட்டின் வாயிலாக, களவுபோன கருவியை உடையவரே முறையிட்டுத் தடுக்கவும், மீண்டதும் தடையை நீக்கவும் முடிந்தது. இலட்சக்கணக்கான கருவிகள் உடையவரிடம் மீண்டன. இது மாட்டுக்குறி.

எனினும் அதே இந்தியாவில், 2025 நவம்பர் இறுதியில், அப்பதிவேட்டோடு தொடர்புடைய அரச செயலியை ஒவ்வொரு புதிய கருவியிலும் கட்டாயமாக முன்கூட்டியே பொருத்தவேண்டும் எனப் பணிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பின் காரணமாக டிசம்பர் 3 ஆம் திகதி அக்கட்டாயம் மீளப்பெறப்பட்டது. உடையவனுக்குத் துணைநின்ற குறி, உடையவனைக் காவல்செய்யும் குறியாக மாற எவ்வளவு சிறிய அடி போதுமானது என்பதை அச்சில நாள்கள் உணர்த்தின. அவ்வடியைப் பின்வாங்கச் செய்தது அரசின் தயவன்று. மக்களின் குரல் என்பதும் அதே வேளையில் உணர்த்தப்பட்டது.

வேண்டப்படுவன

பதிவேடே வேண்டாம் என்பது ஈண்டு வாதமன்று. களவைத் தடுக்கும், போலியை ஒழிக்கும், உடையவனுக்குத் துணைநிற்கும் பதிவேட்டை எவரும் வரவேற்பர். வேண்டப்படுவது அதன் முகம் திரும்பவேண்டும் என்பதே.

முதற்கண், களவுபோனவையும் போலியானவையும் மட்டுமே தடுக்கப்படவேண்டும். அறியப்படாதவை யாவும் குற்றமுடையன எனக் கொள்ளப்படலாகாது. அடுத்து, வெளிநாட்டில் உழைத்து மீள்வோர் தம்மோடும் தம் குடும்பத்தாருக்கெனவும் கொண்டுவரும் ஓரிரு கருவிகள், விமான நிலையத்திலேயே, கடவுச்சீட்டின் பேரில், கட்டணமின்றி, அவர்தம் வாய்மொழியை ஏற்றுப் பதியப்படவேண்டும். அன்பளிப்புக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பது அன்பையே ஐயுறுவதாகும். அங்கு தவறியோர்க்குப் பிரதேச செயலகத்திலே, தமிழ்ப் படிவத்தில், ஒரே நாளில் முடியும் ஏற்பாடு இருத்தல் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அவ்வுரிமை ஒரு தாயின் விண்ணப்பப் படிவத்திலே வெளிப்படாவிடின் அது அரசியலமைப்பின் ஏட்டிலே உறங்கும் அலங்காரமே.

மூன்றாவதாக, பதிவற்ற கருவியை விற்ற உரிமக்காரர் முழுப்பணத்தையும் மீளளிக்கக் கடப்பாடுடையவராதல் வேண்டும். நான்காவதாக, எந்தக் கருவியும் முன்னறிவித்தலும் மேன்முறையீட்டுக்கான காலமும் இன்றித் துண்டிக்கப்படலாகாது. இறுதியாக, கருவியின் எண்ணும் ஆளின் அடையாளமும் தனித்தனி ஏடுகளில் இருத்தல் வேண்டும். நீதிமன்றக் கட்டளையின்றி எவரும் அவற்றை இணைத்துப் பார்த்தலாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுத்தில் உள்ளது. அதன் உயிர் இத்தகைய இடங்களிலேதான் சோதிக்கப்படும்.

பல்கலைக்கழகத்தாரின் பொறுப்பு

இவற்றை யார் கேட்பது? பூனைக்கு மணி கட்டுவது யார் என்னும் பழைய வினாவே இங்கும் எழுகின்றது. வெளிநாட்டில் உழைப்பவனுக்குக் குரலெழுப்ப நேரமில்லை. ஊரிலுள்ள தாய்க்கு எங்கே எழுப்புவது என்று தெரியாது. எஞ்சியிருப்போர் படித்தோர். அவர்களுள்ளும் பல்கலைக்கழக மாணவர்க்கு இதிற் சொந்தக் கடனும் உண்டு. 2020 இலும் 2021 இலும் கொள்ளைநோயால் விரிவுரை மண்டபங்கள் மூடப்பட்டபோது, இக்கரையோரத்து மாணவர் பலர்க்குக் கணினி இருக்கவில்லை. கடல் கடந்து உழைத்த தந்தையரும் தமையரும் அனுப்பிய கைத்தொலைபேசியின் திரையிலேதான் அவர்களுடைய பல்கலைக்கழகம் இயங்கியது. அக்கருவிகள் அன்று தடைப்பட்டிருப்பின் எத்தனை பட்டங்கள் தடைப்பட்டிருக்கும் என்பதனை விரிவுரையாளரும் நன்கறிவர்.

அக்கடனைத் தீர்க்கும் வழி மேடைப்பேச்சன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் வினவும் உரிமையை அளித்துள்ளது. தனிப்பட்ட பாவனைக்கெனப் பதிவுகோரிய விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றுள் ஏற்கப்பட்டவை எத்தனை, மறுக்கப்பட்டமைக்குக் காரணம் யாது, தமிழிற் கிடைத்த விண்ணப்பங்கள் எத்தனை, உரிமம் இழந்த விற்பனையாளர் எத்தனை பேர் என எழுத்திற் கேட்கலாம். பதில் வந்தால் அது வாதத்துக்கு ஆதாரம். பதில் வாராவிடின் அதுவே ஒரு வாதம். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் பாலமுனைக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது. வார இறுதியில் ஊர் நூலகத்தில் ஒரு மேசையிட்டு, படிவம் நிரப்பவும், கருவி வாங்குமுன் எண்ணைச் சரிபார்க்கவும் மக்களுக்குக் கைகொடுக்கும் பணி, எந்த மாணவர் சங்கத்தின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டதன்று.

பதிவேடுகள் தாமாக நல்லனவும் அல்ல, தீயனவும் அல்ல. யாரைக் கேட்டு அமைக்கப்பட்டன, யாரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே அவற்றின் குணம் அமைகின்றது. உழைப்போரைக் கேளாது அமைக்கப்பட்ட பதிவேடு உழைப்போரின் கழுத்திலே இடப்பட்ட கயிறாகும். அவர்களைக் கேட்டு அமைக்கப்படுமாயின் அதுவே அவர்கள் கையிற் பிடித்த கயிறுமாகும். கயிற்றின் எந்த முனை யார் கையில் இருக்கவேண்டும் என்பதனைத் தீர்மானிக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.